காப்பு அவிழாத தோட்டம்

அத்தியாயம் பதினொன்று

ஆச்சிமூர் தோட்டத்தில் ஒரு சேதி பிறந்தால் அதற்குக் கால் வேண்டியதில்லை. முதல் லயத்து வீட்டு வரிசையில் ஒருத்தி தும்மினால் கடைசி லயத்தில் ஒருத்தி மிளகுக் கஷாயம் வைத்துவிடுவாள். யார் வீட்டுக் கோழி யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது என்பது கோழிக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

இதில் பெரிய துரைக்கு மட்டும் ஆச்சரியம் கிடையாது. அவர் பிறந்தது ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு மலையடிவாரத்துக் குக்கிராமம். கல் வீடுகள் கொஞ்சம், ஆட்டு மந்தை, ஒரு கோயில், அவ்வளவுதான். அந்த ஊரிலும் இதே கதைதானாம். பாசத்தினால் அந்த ஊர்ப் பெயரையே தோட்டத்துக்கு வைத்தார். நம்மவர்கள் நாக்கு அதற்கு மசியவில்லை. ஆச்சிமூர் என்று ஆக்கிக்கொண்டார்கள்.

வாரா வாரம் படித்து வருகிறவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. மரத்தில் பால் வெட்டு நின்றுவிட்டது. ஆட்களை லாரியில் ஏற்றிக் குளுவாங் ரயிலடியில் இறக்கி, அங்கிருந்து கப்பலுக்கு அனுப்பச் சொல்லி கம்பெனியின் உத்தரவு வந்தது. கடல் தாண்டிப் பிறந்த ஊருக்குத்தானே போகிறார்கள் என்று நினைக்கலாம். எந்த ஊர்? இவர்களில் பாதிப் பேருக்கு அங்கே குடிசை இல்லை, மீதிப் பேருக்கு முகம் தெரிந்த மனிதர் இல்லை. இங்கேயாவது அளந்து போடுகிற அரிசி இருக்கிறது.

அப்போதுதான் சபாபதி கங்காணிக்கு அந்த யோசனை வந்தது. சித்திரையில் கட்ட வேண்டிய மாரியம்மன் காப்பை தை மாதத்திலேயே கட்டிவிட்டார்.

காப்பு கட்டிவிட்டால் யாரும் எல்லை தாண்டி வெளியே தங்கக்கூடாது. அவிழ்க்கிற வரைக்கும் ஊர் ஊராகவே இருக்க வேண்டும். இது துரைக்கும் தெரியும். வருஷா வருஷம் கோயிலுக்கு வந்து தேங்காய் உடைக்கிறவர் அவர். தன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டால்கூடப் பாதிரியார் வீடு தேடி வந்துவிடுவார் என்று ஒருமுறை ஆபீஸ் கணக்கெழுதும் ராஜசேகரன் கிராணியிடம் சொல்லியிருக்கிறார். சாமிக்கு ஒதுக்கிய நாளில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆட்களை ஏற்ற வந்த முதல் லாரி வெறும் லாரியாகத் திரும்பிப் போயிற்று.

லயம் முழுவதும் அன்றைக்கு அழுது சிரித்தது. "பாத்தீங்களா, ஆத்தா மறிச்சிட்டா!" என்றார் கங்காணி. அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னார். "காப்பை அவுக்கவே வேணாம். அவுத்தாத்தானே லாரி வரும்?"

ஆகவே வெள்ளிக்கு வெள்ளி கரகம் லயத்தைச் சுற்றி வந்தது. கரகம் எடுக்கிறவன் ஐயாசாமி. நல்ல வெட்டுக்காரன், வம்புக்குப் போகாதவன், கையில் மஞ்சள் காப்போடு கோயிலிலேயே படுத்து எழுந்தான். அவன் மனைவி வெள்ளையம்மா மட்டும் தோட்டத்தில் இல்லை. காப்பு கட்டுவதற்கு முந்தின நாளே, நெஞ்சுச் சளியில் மூச்சு வாங்கிய நாலு வயது மகன் ஜெயபாலனைத் தூக்கிக்கொண்டு குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

இன்று மூன்றாவது வெள்ளிக்கிழமை.

* * *

ஐயாசாமியின் மகள் செல்வராணி குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. தாய் போனதிலிருந்து அடுப்பும் அவள்தான், அப்பாவுக்கு விரதச் சாப்பாடும் அவள்தான்.

டிரெசர் மைக்கல் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வந்தார். தோட்டத்து மருந்துக்கடை அவர் பொறுப்பு. வேதக்காரர், காப்புக்குக் கட்டுப்படாதவர். அதனால் தடையில்லாமல் வெளியே போய் வருகிறவர் அவர்தான். எப்போதும் மணி அடித்து வழி கேட்கிறவர் இன்று மணி அடிக்கவில்லை.

"செல்வராணி, கொஞ்சம் இங்க வா."

"என்னங்க டிரெசரையா? தம்பிக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

அவர் சைக்கிள் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு மறைக்கத் தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டார்.

"விடியக்காலையில போயிட்டான்மா."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"உங்கம்மா வராந்தாவுல புள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. குடுக்க மாட்டேங்கறாங்க. 'அவங்கப்பா ஒரு தடவ மொகத்தப் பாக்கட்டும், அப்புறம் எங்க வேணா பொதைங்க'ன்னு ஒரே புடிவாதம். சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். அப்புறம் ஆஸ்பத்திரி ஆளே பொதச்சிடுவாங்க. மத்தியானம் ஸ்டோர் லாரி குளுவாங் போவுது. உங்கப்பாவ அதுல ஏத்தி விடு."

"காப்பு கட்டியிருக்கிறது அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவங்க இருக்கிற நெலமையில அத எங்க சொல்றது?"

செல்வராணி அழவில்லை. அழுகை வருவதற்கு முன்பே அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். தம்பியை நடக்கப் பழக்கியவள் அவள். செல்வராணிக்குப் பின்னால் பிறந்ததெல்லாம் மண்ணுக்குப் போக, மிஞ்சி வந்த ஒரே பிள்ளை அவன். அவன் பேசிய முதல் வார்த்தை 'அக்கா' என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறாள்.

குழாயடியில் இன்னும் நான்கு பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் விளக்க வேண்டுமா? அவள் குடத்தை இடுப்பில் ஏற்றி வீட்டுக்கு வருவதற்குள் சேதி எல்லா வாசலுக்கும் போய்விட்டது. அம்மி அரைக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கோயில் பக்கம் மட்டும் சேதி போகவில்லை. அந்தப் பக்கம் திரும்பிய குழந்தைகளைக்கூடத் தாய்மார் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள்.

* * *

கங்காணி செல்வராணியின் வீட்டுக்கு வந்தபோது அத்தை அங்கம்மா அவளைக் கட்டிக்கொண்டு வாயில் முந்தானையை அடைத்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வெளியே போகக்கூடாதே.

சபாபதி கங்காணி உள்ளே வந்து தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அவரைத் தலைப்பாகை இல்லாமல் செல்வராணி பார்த்தது இதுதான் முதல் தடவை.

"ஆத்தா, உங்கப்பனுக்குச் சொல்லாத."

"எப்படிங்க சொல்லாம இருக்கிறது?"

"காப்புக் கை சாவுச் சேதி கேக்கக்கூடாது. கேட்டா தீட்டு. தீட்டு வந்தா கரகம் எறங்கணும், காப்பு அவுக்கணும். அவுத்தா…" அவர் முடிக்கவில்லை. கையால் வெளியே காட்டினார். வாசலில் லயத்து ஜனங்கள் நின்றார்கள், அவரவர் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"எங்கம்மா அங்க தனியா உக்காந்திருக்காங்க."

"தெரியும்."

"அப்ப நீங்க யாராச்சும் போங்க. அந்தப் புள்ளைய வாங்கி ஒரு புடி மண்ணு போட இந்தத் தோட்டத்துல ஒரு ஆம்பள இல்லியா?"

போனால் பிணத்தைத் தொட வேண்டும். தொட்டவன் காப்பு கட்டிய எல்லைக்குள் திரும்பி வர முடியாது. வெளியே நிற்கிற ஆளை லாரி ஏற்றிக்கொள்ளும். இதெல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான்.

"உங்கப்பனைக் கப்பல் ஏத்திக் கூட்டியாந்தவன் நான்," என்றார் கங்காணி. "நடுக்கடல்ல அவன் வாந்தி எடுத்தப்ப தலையைப் புடிச்சவன் நான். உங்கம்மாவுக்குத் தாலி எடுத்துக் குடுத்ததும் நான்தான். எனக்கு வலிக்காதுன்னு நெனைக்கிறியா? ஆனா இந்த நாப்பது குடும்பமும் என் வாயை நம்பி வந்துதே. நான் என்ன செய்வேன், சொல்லு."

அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் செல்வராணிக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

* * *

பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு அவள் கோயிலுக்குப் போனாள். ஐயாசாமி கரகக் குடத்துக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தான். மெலிந்து போயிருந்தான், ஒருவேளைச் சாப்பாட்டில் எலும்பு தெரிந்தது. ஆனாலும் முகம் தெளிவாக இருந்தது.

"என்னா புள்ள, கண்ணு செவந்திருக்கு?"

"அடுப்புப் பொகைப்பா."

"ஈர வெறகா? அங்கம்மா கிட்ட காஞ்சது இருக்கும், கேட்டு வாங்கு." பாலைக் குடித்தான். "டிரெசர் சைக்கிள் வந்துச்சு போல. பயலப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"கொய்னா மருந்து குடுக்க வந்தாரு. வேற ஒண்ணும் சொல்லல."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்! அவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"சேதி இல்லேன்னா நல்ல சேதிதான். இன்னிக்கி மூணாவது கரகம். இந்தக் கரகத்தோட ஆத்தா அவனுக்கு மூச்சை இலேசாக்கிடுவா, நீ பாரு." பூச்சரத்தை இறுக்கிக் கட்டினான். "ஒண்ணு கவனிச்சியா? இன்னிக்கி எல்லாரும் எம்மேல ரொம்பப் பிரியமா இருக்காங்க. அந்தச் சண்டக்கார வீரமுத்து இருக்கானே, போன வருஷத்திலேர்ந்து மொகங்குடுத்துப் பேசாதவன், காலையில வந்து எங்கையிலேர்ந்து தண்ணிக் கொடத்த வாங்கிக்கிட்டான். 'நீ செரமப்படாத அண்ணே'ங்கறான். மனுசன் மனசு மாறுறதும் ஆத்தா வேலதான்."

செல்வராணி காலிச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த வீரமுத்துவின் தலையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட வேண்டும் என்று நினைத்தாள். உடனே, பாவம், அவன் என்ன செய்வான் என்றும் நினைத்தாள்.

ஸ்டோர் வாசலில் லாரி நின்றது. டிரைவர் சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக்கல் அங்கேதான் காத்திருந்தார்.

"சொல்லிட்டியா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அலமாக்! இன்னும் என்னம்மா யோசன? இந்த லாரிய விட்டா இன்னிக்கி வேற வண்டி கெடையாது. அவரு வரலேன்னா நீயாச்சும் ஏறு. அந்தம்மாவுக்கு ஒரு தொணையாச்சும் வேணும்."

"நான் போயிட்டா அப்பாவுக்கு யாரு சொல்லுவா? ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க டிரெசரையா. எல்லாரும் சேந்து அவரப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க."

"கரகம் எப்ப கெளம்புது?"

"இப்பத்தான்."

"உங்க வாசலுக்கு வர்ற வரைக்கும் லாரிய நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது," என்றார் மைக்கல்.

* * *

தப்புச் சத்தம் எழும்பிற்று. உடுக்கை சேர்ந்துகொண்டது. கையால் தொடாமல் தலையில் நின்ற கரகத்தோடு ஐயாசாமி முதல் லயத்து வாசலில் வந்து நின்றான்.

வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. கரகம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வீட்டுப் பெண் மஞ்சள் தண்ணீரைக் கரகக்காரன் காலில் ஊற்றிக் கும்பிடுவாள். கரகக்காரன் வேப்பிலையால் அவள் தலையைத் தொடுவான். கும்பிட்டு எழுந்த ஒவ்வொருத்தியும் இன்று முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பக்தி என்று ஐயாசாமி நினைத்திருக்கக்கூடும்.

அங்கம்மா தண்ணீர் ஊற்றும்போது தடுமாறிச் செம்பைக் கீழே போட்டாள். கங்காணி பின்னாலிருந்து, "அடி, சத்தமா அடி!" என்று தப்புக்காரர்களை விரட்டினார்.

செல்வராணியின் வீடு கடைசி லயத்தில் கடைசி. அவள் செம்போடு நின்றாள். அப்பா வருவதைப் பார்த்தாள். வெயிலில் மஞ்சள் பூசிய நெஞ்சும், மேலே பூக்கூம்பும், மூடிய கண்களும். சொல்லாவிட்டால் தம்பி அப்பா முகம் பார்க்காமல் மண்ணுக்குப் போவான். அம்மா இவளை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். சொன்னால் நாற்பது வீட்டுக்காரர்களும் மன்னிக்க மாட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

அவள் குனிந்தாள். ஒரு கையால் அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, தம்பி செத்துட்டான். அம்மா உங்களுக்காக உக்காந்திருக்கு. லாரி நிக்கிது, வாங்கப்பா."

தப்பு காதைப் பிளந்தது. அவள் பிடித்திருந்த பாதம் அசையவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐயாசாமி கண்ணைத் திறந்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் வீட்டுக் கதவைப் பார்த்தான்.

"தண்ணிய ஊத்து," என்றான்.

கேட்டதா, கேட்கவில்லையா? இன்னொரு தடவை சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கங்காணி அவள் தோளைப் பிடித்துவிட்டார். அவள் தண்ணீரை ஊற்றினாள். பாதி அப்பாவின் காலிலும் பாதி மண்ணிலும் விழுந்தது. வேப்பிலை அவள் தலையைத் தொட்டது. கரகம் திரும்பிற்று, கோயிலை நோக்கிப் போயிற்று. ஒரு பூகூடச் சரியவில்லை.

சற்று நேரத்தில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. மைக்கல் இரண்டு முறை ஆரன் அடிக்கச் சொல்லிப் பார்த்தார் போலும். பிறகு அதுவும் இல்லை.

* * *

கரகம் இறங்குகிற நேரத்துக்குத் துரை வந்தார். காரை விட்டு இறங்கி, வழக்கம்போல் கோயிலுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றினார். ராஜசேகரன் கிராணி தேங்காயை நீட்டினார். துரை உடைத்தார். ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது.

"நல்ல சகுனம்!" என்று யாரோ கத்தினார்கள். கங்காணி இரண்டு கையையும் கூப்பினார். செல்வராணிக்குக்கூட ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் மனசு அப்படித்தானே?

துரை போகாமல் நின்றார். அவருடைய தோட்டத்துத் தமிழில் பேசினார்.

"நான் பொறுத்தது. ரொம்பப் பொறுத்தது. சாமி காரியம், நான் தொடாது. ஆனா கம்பெனி இனி பொறுக்காது. திங்கக்கிழமை லாரி வரும். எல்லாரும் போகணும். காப்பு இருந்தாலும் போகணும்."

ஒன்றும் புரியாதது போல் நின்றார்கள். கிராணி திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்தையே மூடுகிறார்கள், காட்டுக்கு விடப்போகிறார்கள் என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தொரை! ஆத்தா காப்பு, தொரை!" கங்காணி அவர் காலில் விழப்போனார்.

துரை அவரைப் பிடித்து நிறுத்தினார். "நானும் போறது, சபாபதி. எனக்கும் வேலை இல்ல. என் ஊர்ல பாதி வீடு பூட்டு. சின்ன ஆள் எல்லாம் கப்பல் ஏறிக் கனடா போச்சு. கிழவன் மட்டும் இருக்கு. அங்கதான் நானும் போறது."

சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்.

அழுகைகூட உடனே வரவில்லை. கங்காணி கோயில் படியில் உட்கார்ந்தார். அவரிடம் போய் ஏதாவது கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. தப்புக்காரர்கள் தப்பைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார்கள்.

ஐயாசாமி கரகத்தைத் தானே இரண்டு கையாலும் பிடித்து இறக்கினான். பூசாரி தடுக்கவில்லை. மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து அம்மன் காலடியில் வைத்தான். பிறகு கூட்டத்தில் மகளைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"ஆத்தா," என்றான், "வாசல்ல வச்சு என்னமோ சொன்னியே. அத இப்பச் சொல்லு."

அவள் வாய் கோணிற்று. "அப்பா…"

"சொல்லு. இப்பக் கேக்கலாம். இப்ப யாருக்கும் நட்டமில்ல."

"தம்பி செத்துட்டான்ப்பா."

"எப்ப?"

"விடியக்காலையில."

"ம்." அவன் தலையை ஆட்டினான், வெட்டுக்கு எந்த நிரை மரம் என்று கங்காணி சொன்னால் ஆட்டுவானே, அதே மாதிரி. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். வீரமுத்துவைப் பார்த்தபோது வீரமுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றான் ஐயாசாமி. அவ்வளவுதான் சொன்னான். அதன் பிறகு ஓட ஆரம்பித்தான்.

* * *

மஞ்சள் வேட்டியோடு அவன் முன்னால் ஓட, செல்வராணி பின்னால் ஓடினாள். லாரி இல்லை. குளுவாங் ஒன்பது மைல். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்கு முன் போய்ச் சேர முடியாது என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் ஓடினார்கள்.

தோட்டத்து வாசலில், பெங்காலி என்று எல்லாரும் சொல்லும் சீக்கியக் காவல்காரர் ஜாகா கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தாடியும் தலைப்பாகையுமாக வயதான மனிதர். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். ஐயாசாமியைப் பார்த்ததும் எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

"ஐயாசாமி! நீ வெளிய வரலாமா? கரகம் எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு, பாய். வழி விடு."

"எறங்கிருச்சா? அப்ப சொல்லலாம்." ஜாகா பக்கத்தில் வந்தார். "உன் வீட்டுக்காரி வந்துச்சு."

ஐயாசாமி நின்றான்.

"எப்ப?"

"மேளம் பெரிசா கேட்டுச்சே, கடைசி லயத்துப் பக்கம், அப்ப. சீனன் அன்னாசி லாரியில வந்து எறங்கிச்சு. தோள்ல உன் பையன், புடாக்கு. தலையில துணி போட்டு மூடியிருந்துச்சு. தூங்குதுன்னு நெனச்சேன். சத்தம் போடக்கூடாதுன்னு மெதுவாத்தான் பேசினேன்."

செல்வராணி கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த வேப்பிலைத் தோரணம் அவள் முகத்தில் பட்டது.

"இதப் பாத்துச்சு," ஜாகா தோரணத்தைக் காட்டினார். "அப்படியே நின்னுச்சு. 'காப்பா கட்டியிருக்காங்க?'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். 'யாரு கரகம்?'னு கேட்டுச்சு. ஐயாசாமின்னு சொன்னேன். உள்ள போம்மா, பாக்கலாம்னேன். போகல. இங்கேயே நின்னு மேளத்தக் கேட்டுச்சு. ஸ்டோர் லாரி போனப்பக்கூட ஒதுங்கித்தான் நின்னுச்சு. பொறவு, 'நான் வந்தத அவருகிட்ட சொல்லாதீங்க பாய், கரகம் எறங்கட்டும்'னு சொல்லுச்சு."

"எந்தப் பக்கம் போச்சு?" ஐயாசாமியின் குரல் குழந்தையின் குரல் போல் கீச்சிட்டது.

ஜாகா தாடியைத் தடவினார். முதல்முறையாக அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"தொரை காரு வந்துச்சுப்பா. சலாம் வைக்கத் திரும்பினேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். என்னா ஆச்சு? புடாக்குக்கு ஒடம்பு சரியில்லியா?"

சாலை இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது. ஒரு பக்கம் குளுவாங். இன்னொரு பக்கம் காஹாங், அதற்கு அப்பால் காடு. இரண்டு பக்கமும் ஒரு ஈ, காக்கை இல்லை.

ஐயாசாமி காஹாங் பக்கம் ஓடினான். செல்வராணி குளுவாங் பக்கம் ஓடினாள்.